முறிந்தது ஒரு கைதான்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் ஆலை கட்டினேன். சண்டைக் காலத்தில் கூரை பறந்தது, திரும்பவும் கட்டினேன். மீன் ஏற்ற லொறிகள் வாங்கினேன். பாலையூற்றில் மாடி வீடு எழுப்பினேன். எல்லாம் ஐந்தாம் வகுப்புப் படிப்போடு. கடைசியாக நான் கட்டியது ஒரு கணக்கு. அதற்கு மட்டும்தான் என் பெயரில் உறுதிப் பத்திரம் இல்லை.

எங்கள் மாவட்டத்தில் அடிவாங்கிய, மிரட்டப்பட்ட செய்தியாளர்களையும் காணிக்காகப் போராடுகிறவர்களையும் கணக்கெடுக்க நகரத்தில் சிலர் சேர்ந்தோம். தலைமை, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். குச்சவெளிப் பக்கம் அவருடைய பைலைக் கண்டாலே சனம் வாயை மூடிவிடும். என் லொறியில் அவரை ஏற்றிப் போய் நானும் பக்கத்தில் இருந்த பிறகுதான் கதைத்தார்கள்.

ஒருநாள் சேர்ந்த தகவல்களை அவர் வாசித்தார். செய்தியாளர் ஒருவருக்குக் கை முறிந்தது. அடுத்த பக்கத்தில், காணிப் போராட்டக்காரர் ஒருவருக்குக் கை முறிந்தது.

"மாஸ்டர், கொஞ்சம் பொறுங்கோ. ரெண்டும் ஒரே ஆள்."

"என்ன முதலாளி கதைக்கிறீங்கள்? ஒண்டு பத்திரிகைக்காரர் தந்தது, மற்றது காணிச் சங்கம் தந்தது."

"அவன் காலமை காணிக்குக் கத்துவான், பின்னேரம் அதையே பத்திரிகைக்கு எழுதுவான். ஆஸ்பத்திரிக்கு என்ர லொறியிலதான் வந்தவன்."

மாஸ்டருக்கு நம்பிக்கை வரவில்லை. அவனுக்கே போன் எடுத்தார். "சேர், வாங்கின அடி ரெண்டு பேருக்குக் காணும்," என்றான் அவன். "முறிஞ்சது ஒரு கைதான்."

கூட இருந்த காணிச் சங்கத்துக்காரர் என்மேல் பாய்ந்தார். "எங்கட கணக்கைக் குறைக்கவோ வந்தனீங்கள்?"

"பெட்டியில ஒரு பழுதான மீனைக் கண்டால் முழுப் பெட்டியையும் கழிச்சுப்போடுவாங்கள், தம்பி," என்றேன். அதற்குப் பிறகுதான் மாஸ்டர் எல்லாப் பெயர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கத் தொடங்கினார்.

அறிக்கை வெளியீட்டில், கொழும்பிலிருந்து வந்த பெண் ஒருவர் எழுந்து, இந்த எண்ணிக்கையை எப்படி நம்புவது என்று கேட்டார். மாஸ்டர் எழும்பி முறிந்த கையின் கதையைச் சொன்னார். 'நாங்கள் கண்டுபிடித்தோம்' என்றார். என் மீன் பெட்டியைக்கூட விடவில்லை. மண்டபமே கை தட்டியது. அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"கை தட்டுங்கோவன், ஆக்கள் பார்க்கினம்," என்று மனைவி இடித்தாள்.

"என்ர கதைக்கு நானே தட்டோணுமோ?"

அந்தப் பொன்னாடை இப்போது அவர் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் தொங்குகிறது. போன கிழமை போய்ப் பார்த்தேன். தந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்தேன்.

பாதுகாப்புக்காக அறிக்கையில் எவர் பெயரும் இல்லை. அது சரி. ஆனால் கடைசிப் பக்கத்தில் 'தொகுப்பும் சரிபார்ப்பும்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்' என்று இருக்கிறது. எனக்குக் கிடைத்தது 'வாகன உதவி'.

அறிக்கையை அச்சிடுகிற உங்களிடம்தான் கேட்கிறேன்: அடுத்த பதிப்பில் அந்த வாகன உதவியை வெட்டுங்கள். என் பெயர் வேண்டாம். 'ஒரே ஆளை இருமுறை எண்ணியதைக் கண்டுபிடித்தவர்: துறைமுகத்து ஐஸ் வியாபாரி' என்று போடுங்கள். மாஸ்டரின் வரிக்கு மேலே போடுங்கள்.