தானாகத் திறக்கும் கதவும் மன்னார்க் கழுதைகளும்

மன்னார் பட்டினத்தில் குளிரூட்டிய கடை ஒன்று வந்தபோது அதன் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட ஓர் ஆளை வைத்தார்கள். எருக்கலம்பிட்டிக்காரர், ஐம்பது தாண்டியவர். கடையில் எல்லாருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். நான் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவன். கைத்தடியோடு வாசலைக் கடக்க எனக்கு ஒன்பது எண்ண வேண்டும். "வாங்கோ சேர்" என்று அதுவரை கதவைப் பிடித்திருப்பார்.

போன வருடம் கதவுக்கு மின்சாரக் கண் பொருத்தினார்கள். ஆள் வந்தால் தானாகத் திறக்கும். ஆறு எண்ணியதும் மூடும். மீதி மூன்றுக்கு நான் என்ன செய்வது என்று மனேச்சரிடம் கேட்டேன். கொழும்பிலிருந்து வந்தவர்.

"கொஞ்சம் ஸ்பீடா நடங்க அங்கிள்."

கதவுக்காரருக்கு மாத முடிவுவரைதான் வேலை என்று தவணை. அதுவரை கதவில் கை வைக்காமல் ஓரமாக நிற்கும்படி உத்தரவு.

"மகளுக்குச் சம்பந்தம் பேசுறம் சேர். கொம்பனியில வேலையெண்டு மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிப்போட்டன். வந்து பார்த்தா கதவுதான் நிக்கும்" என்றார்.

எங்கள் தெருக்களில் கழுதைகள் தாராளம். வெயிலுக்கு ஒதுங்க இடம் தேடி அலைபவை. அன்று மத்தியானம் ஒன்று வாசலுக்கு வந்தது. கதவு மரியாதையாகத் திறந்தது. பின்னால் நான்கு வந்தன. எல்லாம் குளிர்காற்றுக்குக் கீழே போய் நின்றன.

"புடிங்க, தொரத்துங்க!" என்று மனேச்சர் கத்தினார்.

"நீங்கதானே ஓரமா நிக்கச் சொன்னீங்கள்?" கதவுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

காசு வாங்கும் பெண் கதிரையில் ஏறிவிட்டாள். "நானா, ஒண்டு எனக்கு முன்னால வந்து நிக்குது!"

"வரிசையில நிக்குதோ புள்ள? நிண்டா பில்லைப் போடு."

கழுதை பின்காலால் உதைக்கும். ஐந்தின் முகமும் என் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தபடி நான் மாமூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மனேச்சரே விளக்குமாற்றால் கலைத்தார். ஐந்து வெளியே போகத் திறந்த கதவால் மூன்று உள்ளே வந்தன. அவற்றையும் கலைத்துவிட்டு மின்கண்ணின் சுவிச்சை நிறுத்தினார். கழுதைகள் வெளியே நின்றன. சனமும் வெளியே நின்றது. மின்சாரம் இல்லாவிட்டால் அந்தக் கதவு லேசில் அசையாது. கைப்பிள்ளையோடு ஒரு பெண் தோளால் தள்ளிப் பார்த்தாள்.

"நானா, கதவத் தொறங்க" என்றார் மனேச்சர்.

"மாச முடிவுமட்டுமோ?"

"இல்ல, தொடர்ந்து இருங்க."

"மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்டா, இதை உங்கட வாயால சொல்லுவீங்களோ?"

"சொல்றேன், சொல்றேன்! தொறங்க!"

அவர் உடனே திறக்கவில்லை. முதலில் சட்டைக் கொலரைச் சரிசெய்தார்.