மூன்று மொழிச் சீல்

தொண்ணூறுகளின் கடைசியில், பதுளை ஆஸ்பத்திரியின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். ஆண்களை விரும்பும் ஆண்களை எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எங்கே போய்த் தேடுவது என்று மற்றவர்கள் விழித்தார்கள். எனக்குத் தெரியும், நானும் அவர்களில் ஒருவன். அதைப் பற்றி அலுவலகத்தில் மூச்சு விட்டதில்லை.

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் தேயிலை கவ்வாத்து வெட்டும் ஒருவர் எனக்குப் பழக்கம். மனைவி, இரண்டு பிள்ளைகள். பயப்பட ஒன்றுமில்லை என்று மூன்று மாதம் சொல்லிச் சொல்லி வரவழைத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். வேலைக்கு வராத நாளுக்கு, மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளையிடம் ஆஸ்பத்திரிக்குப் போனதற்கான மருந்துத் துண்டு காட்ட வேண்டும். எழுதிக் கொடுத்து, பழக்கதோஷத்தில் சீலும் குத்தினேன்.

பஸ் போன பிறகுதான் உறைத்தது. அந்தச் சீலில் எங்கள் நிலையத்தின் பெயர் மூன்று மொழியிலும் பளிச்சென்று இருக்கும். பெரட்டில் அத்தனை பேர் முன்னால் கணக்கப்பிள்ளை அதை வாசித்தால், மனிதர் குடியிருக்கும் லயத்தில் தலைகாட்ட முடியாது. என்னையே அறைய வேண்டும் போலிருந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

லயத்துத் தண்ணீர்ப் பீலியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தத் துண்டக் குடுங்க, வேற எழுதித் தர்றேன்."

"அத பஸ்ஸுலயே கிழிச்சுப் போட்டேங்க. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

மன்னிப்புக் கேட்டேன். முடிவை வாங்க வருவாரா என்று கேட்க வாய் வரவில்லை.

அவர்தான் கேட்டார். "ஒங்க ரத்தத்த எப்பங்க பாத்தீங்க?"

பார்த்ததே இல்லை. பரிசோதனைக்கூடத்தில் இருந்தவர் என் பக்கத்து வீட்டுக்காரர். அந்தப் பயத்தில்தான் தள்ளிப் போட்டு வந்தேன். வெட்கமாக இருந்தது.

"இன்னும் பாக்கலங்க."

"அப்ப மொதல்ல நீங்க பாருங்க. பொறகு நான் வர்றேன்."

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என்னைப் பற்றியதையும் சேர்த்து. அவர், இனித் துண்டுகளுக்கு ஆஸ்பத்திரியின் பொதுச் சீலைக் குத்தச் சொன்னார். என் சட்டைக் கையை மடிக்கச் சொன்னார்.

இரத்தம் கொடுத்தாயிற்று என்று லயத்துக்குப் போய் அவரிடம் சொன்னேன். முடிவு வரும் நாளில், பெயருக்குப் பதிலாகத் தந்த நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிடும் வரை காத்திருக்க வெளியே வந்தேன். பெஞ்சில் அவர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

"பயமா இருக்குங்களா ஐயா?"

"ஆமாங்க" என்றேன்.

சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.