பலாப்பழம் ஏற்றிய கார்கள்

இடது கையால் வேலை செய்ய நான் பழகியது என் அக்காள் மகன் இறந்த பிறகுதான். என் வலது கைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அது தேவைக்கு மேல் சுத்தமாக வேலை செய்ததுதான் தொந்தரவு.

அறுபதுகளின் நடுவில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டிரேசராக இருந்தேன். பாலம், மதகு, ரோடு இவற்றின் வரைபடங்கள் மேல் மெல்லிய துணியை விரித்து இங்க்கில் நகல் எடுக்கிற வேலை. ஒரு கோடு தடித்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட ஆளிடம்தான் கோணலாக ஒட்டுகிற வேலை வந்து சேர்ந்தது.

அக்காவைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சானுக்குச் சிங்கப்பூரில் ஒரு சாமான் கடையில் வேலை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் வந்து சில மாதங்கள் இருந்துவிட்டுப் போவார். அப்படி ஒருமுறை வந்தபோது மகனுக்கு ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். மூடியில் பளபளவென்று ஒரு பிளசர் கார் படம். திறந்தால் உள்ளே கார் இல்லை. சட்டங்களில் ஒட்டிக்கொண்டு பிளாஸ்டிக் துண்டுகள்தான் இருந்தன. கதவு தனி, பம்பர் தனி, ஸ்டியரிங் தனி. ஒவ்வொன்றாக ஒடித்தெடுத்து, டியூபில் இருக்கிற பசையால் ஒட்டி, பெயிண்ட் அடித்தால் ஒரு சாணுக்கும் குறைவாக ஒரு கார் வரும். உடைந்த சாமானை யாரோ தன் மகன் தலையில் கட்டிவிட்டதாக மச்சானுடைய அத்தா அன்று முழுவதும் புலம்பிக்கொண்டிருந்தார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம்.

மச்சான் கப்பலேறிய பிறகு பையன் அந்தக் காரைச் செய்தான். ஒன்பது வயது. முன் சக்கரம் ஒன்று வெளியே பார்த்தது. கண்ணாடியில் அவனுடைய கட்டைவிரல் ரேகை பசையோடு பதிந்துவிட்டது. சைக்கிள் கடையில் வாங்கிய பச்சை எனாமலை அவன் பூசிய அழகில் கதவு இருந்த இடமே தெரியவில்லை. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. பிடுங்கிச் சரிசெய்யப் போனேன், கையைத் தட்டிவிட்டான்.

அதோடு நிற்கவில்லை. காரின் தலைமேல் ஈர்க்குச்சிகளை நூலால் கட்டி ஒரு கேரியர் செய்தான். பண்ருட்டியில் டாக்சி மேல் பலாப்பழம் ஏற்றிக் கட்டியிருந்ததை ஒருமுறை பார்த்திருக்கிறான், அது மனசில் ஒட்டிக்கொண்டது. அக்கா ரொட்டிக்குப் பிசைந்த மாவில் கொஞ்சம் கிள்ளி, சீப்புப் பல்லால் முள் குத்தி, ஒரு பலாப்பழம் செய்து மேலே வைத்தான். சிங்கப்பூர் பிளசர் பண்ருட்டி டாக்சி ஆகிவிட்டது. அதைப் போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்பினோம். கடையில் எல்லோருக்கும் காட்டியதாகவும், அடுத்த பெட்டி வாங்கி வைத்திருப்பதாகவும் எழுதினார்.

அடுத்த பெட்டி வருவதற்குள் பையன் போய்விட்டான். மூளைக்காய்ச்சல். காலையில் தலைவலி என்றான், மறுநாள் மாலை மையவாடியில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். இதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

அன்று இரவே மாமா முடிவு செய்துவிட்டார்.

"அவனுக்குச் சொல்லக் கூடாது. அங்க தனியாளா கெடக்கறான். உழுந்தா புடிக்க யாரு இருக்கா? வரட்டும், நேர்ல சொல்லிக்குவோம்."

கடல் தாண்டிப் போனவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் எங்கள் பக்கம் இப்படித்தான் செய்வார்கள். தந்தி கொடுத்தாலும் மண் போட வந்து சேர முடியாது, பிறகு எதற்கு என்பார்கள். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கப்பட்டது. எங்கள் ஊர் வாயை மூடிக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரே விஷயத்தில்தான். இந்தப் பெரியவர்களின் இரக்கத்தின் மேல் எனக்கு எப்போதுமே கோபம் உண்டு. இரக்கப்படுவது அவர்கள், பொய் சொல்ல வேண்டியது மற்றவர்கள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த கொஞ்ச நாளில், ஊர் திரும்பிய ஒருவர் மச்சான் கொடுத்தனுப்பிய சாமான்களைக் கொண்டுவந்தார். துணி, தைலம், பிஸ்கட் டின். அடியில் அந்தப் பெட்டி. காரைச் செய்து போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தார், மகனும் படத்தில் இருக்க வேண்டுமாம். மாமா என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. முடியாது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அக்கா எழுந்து வந்து பெட்டியை என் மடியில் வைத்தாள்.

"அவன் செஞ்ச மாதிரியே செய்யணும்டா. உன்ன மாதிரி செஞ்சிடாத."

பெட்டியையும் பையன் செய்த பச்சைக் காரையும் ஒரு பழைய கைலியில் சுற்றி எடுத்துக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் கடலூர் முதுநகருக்கு வந்தேன். பச்சைக் காரை எதிரில் வைத்துக்கொண்டு அதன் தப்புகளைப் படித்தேன். எந்தச் சக்கரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, பசை எங்கே வழிந்திருக்கிறது, பெயிண்ட் எங்கே திரண்டிருக்கிறது எல்லாம் மனப்பாடம் ஆனது. பாலத்து வரைபடத்தைக்கூட நான் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. வலது கையால் ஒட்டினால் எல்லாம் நேராக உட்கார்ந்தது. இடது கைக்கு மாற்றினேன். டியூபில் இருந்த பசை வெயிலில் காய்ந்துபோயிருந்தது. மருந்துக்கடையில் அசிட்டோன் வாங்கி, அதில் மீந்த சட்டத்துண்டுகளைக் கரைத்துப் பசை ஆக்கினேன். தலையை வலித்தது. பெட்டியைப் பிரித்துத் துண்டுகளைப் பரப்பியபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தச் சந்தோஷம் வந்ததும் என் மேலேயே எரிச்சல் வந்தது.

பலாப்பழத்தை அக்காதான் செய்தாள். மாவைக் கிள்ளி உருட்டி, அதே சீப்பால் குத்தி, எறும்பு வராமல் இருக்க வேப்பெண்ணெய் தடவிக் காயவைத்தாள். சிதம்பரம் கீழவீதி ஸ்டூடியோக்காரர் காரை மேஜை மேல் வைத்துவிட்டு, கூட உட்கார ஆள் வரவில்லையா என்று கேட்டார். வெளியூர் போயிருக்கிறான் என்றேன். மச்சானுக்கும் அதே மாதிரி ஒரு காரணத்தை அக்கா எழுதினாள். பையன் போட்டோவுக்கு நிற்கமாட்டேன் என்று ஓடிவிட்டானாம்.

பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. வருஷத்துக்கு ஒன்று, சில சமயம் இரண்டு. ஒவ்வொன்றையும் நான் கடலூரில் இடது கையால் ஒட்டினேன். முன் சக்கரத்தைச் சாய்த்தேன், கண்ணாடியில் கட்டைவிரலை அழுத்தினேன், ஈர்க்குச்சியில் கேரியர் கட்டினேன். என்ன நிறம் பூசுவது என்று அக்கா சொல்வாள். "இதுக்குச் செவப்புதான் கேப்பான்" என்பாள். கேட்டிருப்பான் என்று அவள் சொல்லவே மாட்டாள். நானும் திருத்தமாட்டேன். சிவப்பு வாங்கிப் பூசுவேன்.

நாலாவது காருக்குப் பிறகு மச்சான் மகனுடைய படத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டார். கார் நன்றாக வந்திருக்கிறது, அடுத்தது அனுப்புகிறேன் என்று மட்டும் எழுதினார். தாம் சொன்னபடி எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று மாமாவுக்குத் திருப்தி. நான்கூட என் இடது கையை மெச்சிக்கொண்டேன்.

கடைசியில் அவர் வரும் நாள் வந்தது. நாகப்பட்டினத்தில் இறங்கி ரயிலில் சிதம்பரம் வந்தார். வீட்டுக்குப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகு சொல்லலாம் என்று மாமா திட்டம் போட்டிருந்தார். ஸ்டேஷனில் மகன் எங்கே என்று கேட்டால் பள்ளிக்கூடம் போயிருப்பதாகச் சொல்லும் வேலை எனக்கு. மச்சான் இறங்கினார். முடி பாதி நரைத்திருந்தது. எனக்கு ஸலாம் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். பிளாட்பாரத்தில் யாரையும் தேடவில்லை. வீட்டுக்கு வண்டியில் வரும்போது, இங்கே மழை பெய்ததா என்று கேட்டார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் நாக்கு நுனியில் இருந்த பள்ளிக்கூடம் அங்கேயே காய்ந்துபோனது.

வீட்டில் தண்ணீர் குடித்தார். மாமா தொண்டையைச் செருமினார். அதற்குள் மச்சான் பெட்டியைத் திறந்துவிட்டார். மாமாவுக்குச் சால்வை, அக்காவுக்குப் புடவை, எனக்குச் சட்டைத்துணி. பெட்டி காலியானது. மகனுக்கு என்று ஒன்றும் இல்லை.

மச்சான் எழுந்து கண்ணாடி அலமாரியிலிருந்து கார்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வரிசையாக வைத்தார். எல்லாவற்றின் தலையிலும் ஒரே அளவில் ஒரே மாதிரி பலாப்பழம். பச்சைக் காரை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் நீதான மச்சான்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரெண்டாவது படம் வந்தப்ப ஒண்ணும் தோணல. மூணாவதுலயும் அதே சக்கரம் சாஞ்சிருந்துச்சு. நாலாவதுலயும் அதே பலாப்பழம். புள்ள வளந்தா கையும் வளருமில்ல. பன்னெண்டு வயசாவப் போறவன் இன்னும் கார் மேல பலாப்பழமா வெப்பான்?"

அந்த ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. கோணலை அளந்து அளந்து நகல் எடுத்தேன். பையன் இருந்திருந்தால் அந்தக் கோணல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கும். கேரியர் இரும்புக்கம்பிக்கு மாறியிருக்கும். பலாப்பழம் அவனுக்கே வெட்கமாகப் போயிருக்கும். அலமாரியில் அவனை ஒன்பது வயதிலேயே நிறுத்திவைத்திருந்தேன்.

அக்காதான் பேசினாள்.

"தெரிஞ்சும் எதுக்கு அனுப்பிக்கிட்டே இருந்தீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

மச்சான் பச்சைக் காரின் கண்ணாடியில் இருந்த விரல் ரேகைமேல் தன் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டா சொல்லிடுவீங்களே" என்றார்.

மாமா தயார்செய்து வைத்திருந்த வார்த்தைகள் அவரோடேயே போய்ச்சேர்ந்தன. உன் மகன் இறந்துவிட்டான் என்று அந்த மனிதரிடம் வாய் திறந்து சொன்னவர்கள் எங்கள் வீட்டில் கடைசிவரை ஒருவரும் இல்லை. மறுநாள் ஃபஜர் தொழுதுவிட்டு வந்து என்னை எழுப்பினார். சட்டைப்பையில் பச்சைக் கார் துருத்திக்கொண்டு இருந்தது.

"வா மச்சான், எடத்தக் காட்டு" என்றார். நான் முன்னால் நடந்தேன்.