பாலத்தடி உள்ளான்

எனக்குப் பத்து வயதில், வெள்ளவத்தைக் கால்வாயோரத்துக் கல்லில் ஒரு சின்னப் பறவையைக் கண்டேன். முதுகு மண்நிறம், வயிறு வெள்ளை. நின்ற இடத்திலேயே பின்பாதியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. வகுப்பில் சொன்னபோது, வாலாட்டிக் குருவி என்றார் டீச்சர். இல்லை, உள்ளான் என்கிற கரைப்பறவை என்றேன் நான். நிரூபித்தால் நான் வரையும் படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டுவதாகச் சொன்னார்.

மூன்று நாட்கள், பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவை இழுத்துக்கொண்டு கால்வாய்க்குப் போனேன். அது யுத்த காலம். பாலத்தில் ஆமிக் காவலரண் இருந்தது. அம்மா அடையாள அட்டையையும், தமிழர் காட்டவேண்டிய பொலிஸ் பதிவையும் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் வந்தார். பறவை பார்க்க இதெல்லாம் எதற்கு என்று எனக்குச் சிரிப்பு.

"பார்த்தது காணும், வா," என்று அவசரப்படுத்துவார் அம்மா.

"இன்னும் பறக்கேல்லை அம்மா."

மூன்றாம் நாள் பறந்தது. வாலாட்டி அலையலையாக ஏறி இறங்கிப் பறக்கும். இதுவோ இறக்கையை விறைப்பாக வளைத்து, தண்ணீரைத் தொடுமாப்போல் தாழ்வாகப் பாலத்தின் அடியால் போய், அந்தப் பக்கக் கல்லில் இறங்கி மறுபடி ஆடியது. வென்றுவிட்டேன். கொப்பியில் கால்வாயை வரைந்தேன். பாலத்தையும் தூண்களையும் வரைந்து, அது போன வழிக்கு அம்புக்குறியும் போட்டேன்.

கொப்பியில் நிழல் விழுந்தது. காவலரணில் நின்ற ஆமிக்காரர்.

"நங்கி, மொனவத லியன்னே?" என்ன எழுதுகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்.

"குருல்லெக், மாத்தயா," பறவை என்றார் அம்மா. கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை நீட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கி, உள்ளானைப் போலக் குனிந்து ஆடியும் காட்டினேன். அவர் படத்திலிருந்த பாலத்தையும் அம்புக்குறியையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். உள்ளான் ஆடியது. சிரித்துவிட்டுக் கொப்பியைத் தந்தார். ஆமிக்காரருக்கே உள்ளானைப் படிப்பித்துவிட்ட பெருமையில் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

வீட்டில் அம்மா அழிறப்பரை எடுத்துப் பாலத்தை அழித்தார். பிறகு தூண்களை, கடைசியாக அம்புக்குறியை.

"பாலம் இல்லாட்டி எங்கால பறந்தது எண்டு டீச்சருக்கு எப்பிடித் தெரியும்?" என்று அழுதேன்.

"தண்ணிக்கு மேலால எண்டு எழுது. காணும்."

படம் சுவரில் ஏறியது. இப்போது என் மகளை அதே கரைக்குக் கூட்டிப்போகிறேன். அவள் முதலில் வரைவது பாலத்தைத்தான். வரையட்டும் என்று விடுகிறேன். விட்டது சரிதானா என்று இரண்டு தரம் யோசிக்கவும் செய்கிறேன்.

அன்று கால்வாயிலிருந்து வீடு வரும்வரை அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். அவருக்கும் பெருமைதான் போல என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.