ரோஸாவின் ஜாடி

சரியாக மாலை நாலு இருபதுக்கு மகளிடமிருந்து அந்தச் செய்தி வந்தது. "அம்மா, உன் ஆலிவ் தோப்பையே காணோம். மேப் தப்பு. போன்ல மூணு பர்சென்ட்தான்." டெல்லி மயூர் விஹார் வீட்டுச் சமையலறையில் மாவடு ஜாடியோடு நின்றிருந்தேன். உடனே கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது.

இது நடந்து நாலு நாள் ஆகிறது. இத்தாலிக்குப் படிக்கப் போன இருபத்திரண்டு வயதுப் பெண், என் பழைய சிநேகிதி ரோஸாவைத் தேடி மலைச்சரிவில் தன்னந்தனியாக. "கூகுள் பார்த்துப் போறேன்மா" என்றுதான் சொன்னாள். "கூகுளுக்கு ஒத்தையடிப் பாதையெல்லாம் தெரியுமா?" என்று மிதப்பாகக் கேட்டு, படம் வரைந்து அனுப்பியது நான். பஸ் நிற்குமிடத்தில் ஆலிவ் தோப்பு, அடுத்து திராட்சைத் தோட்டம், அதன் கல்சுவரை ஒட்டியே ஏறினால் உச்சியில் ஊர், முதல் வீடு ரோஸாவுடையது. எல்லாம் இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய நிலவரம்.

லோதி ரோடு அலுவலகத்தில் தோட்டக்கலைப் பிரிவில் சேர்ந்த புதிதில், மூன்று மாதப் பயிற்சிக்கு அங்கே போனேன். ரோஸா வீட்டு மாடியில் குடியிருப்பு. ஆலிவ் இலையின் அடிப்பக்கம் வெளுப்பு; காற்றடித்தால் மலையே நிறம் மாறும். பறித்து முடித்த திராட்சைக் கொடிகள் மிளகாய்ப் பழம்போலச் சிவந்து கிடக்கும். முதல் நாளே ஓர் ஆலிவ் காயைப் பறித்து வாயில் போட்டேன். இத்தனைக்கும் தோட்டக்கலையில் பட்டம் வாங்கியவள்! வேப்பங்காய் தேவலை. ரோஸா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

விடுவேனா? அவளுடைய ஜாடியையே வாங்கி, காய்களைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் கடுகும் போட்டு மாவடுபோல ஊறவைத்துத் தினமும் குலுக்கினேன். ஒரு மாதம் கழித்து, கண்ணில் நீர் வழிய வழிய அவளே பாதி ஜாடியைக் காலி செய்தாள். மீதியை டெல்லிக்குக் கொண்டுவந்தேன். ஜாடியை அடுத்த தடவை தருவதாகச் சைகையில் சொன்னேன். கல்யாணம், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ், பிரசவம்... அடுத்த தடவை வரவேயில்லை.

அந்த ஜாடிதான் அன்று என் கையில் இருந்தது.

"அவ என்ன சின்னக் கொழந்தையா? சார்ஜ் போட்டுட்டுப் பேசுவா. நீ மொதல்ல ஜாடிய கீழ வை" என்றார் கணவர். சொன்னவர்தான் நிமிஷத்துக்கொரு தரம் தன் போனை எடுத்துப் பார்த்தார். நான் ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டேனே தவிர, கீழே வைக்கவில்லை.

ஏழு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு. மகள்!

"அச்சா, அழாதம்மா. நல்லாதான் இருக்கேன். ஆலிவ் மரமெல்லாம் நோய் வந்து பட்டுப்போயி, வெட்டிட்டாங்களாம். திராட்சையும் இல்ல, சுவரும் இல்ல. வெறும் புல்லு. எங்க திரும்பறதுன்னு தெரியாம ரோட்டோரமா ஒக்காந்துட்டேன். ஒரு ஆன்ட்டி கார நிறுத்தி நான் பிரிண்ட் எடுத்து வெச்சிருந்த உன் படத்த வாங்கிப் பாத்தாங்க. உச்சி வீட்ல நீ இங்கிலீஷ்ல எழுதின பேருமேல விரல வெச்சு, 'இது நான்தான்'னாங்க."

திரைக்குள் ஒரு நரைத்த தலை நுழைந்தது. என் முகத்தைப் பார்த்தது. பிறகு என் இடுப்பில் இருந்ததைப் பார்த்தது. படபடவென்று ஏதோ சொன்னது.

மகள் சிரித்தாள். "'மரமெல்லாம் போச்சு, என் ஜாடி மட்டும் இன்னும் ஒடையலையா!'ங்கறாங்கம்மா."