சின்னபொண்ணு இறக்கிய விளக்கு

சேதராப்பட்டில் சின்னபொண்ணு சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று சொல்வார்கள். அது பொய். புருஷன் இருசப்பன் உயிரோடு இருந்தவரை அவள் களத்தில் சிரித்தால் ஏரிக்கரையில் கேட்கும். அவன் செத்தது 1934ஆம் வருஷம் ஐப்பசியில். அதற்குப் பிறகு அவள் மனசில் ஒரே ஒரு எண்ணம்தான் குடியிருந்தது. காரியஸ்தன் சுப்பராயலுவைப் பழிவாங்க வேண்டும்.

புருஷனும் பெண்டாட்டியும் நிலக்காரர் சிங்காரவேலுவின் நிலத்தில் கூலிவேலை செய்தார்கள். சுப்பராயலுதான் அங்கே வேலை வாங்குகிறவன். சிங்காரவேலுவின் கேழ்வரகு மேட்டு நிலத்தில் ஒரு குழிக்குள் இருந்தது. அந்தச் செம்மண் பாறைபோல இறுகிக் கிடக்கும். ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வாய், உள்ளே குடம்போல அகலம், இரண்டு ஆள் ஆழம். சுற்றிலும் வைக்கோல் வைத்துத் தானியத்தைக் கொட்டி, பலகைக் கல்லால் மூடி மண் பூசிவிடுவார்கள்.

அதைத் திறப்பதற்கு ஒரு முறை உண்டு. காலையிலேயே கல்லை நகர்த்தி, வேப்பங்கிளையைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு, மேலும் கீழுமாக இழுத்துக் காற்றைக் கலக்க வேண்டும். பிறகு விளக்கை இறக்க வேண்டும். சுடர் நின்று எரிந்தால்தான் ஆள் இறங்கலாம்.

இருசப்பன் செத்த அன்று மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஆடியில் பாதித் தானியத்தை எடுத்துவிட்டு மறுபடி மூடிய குழி அது. ஓரமாக ஈரமும் கசிந்திருந்தது.

“மழை வந்தா மொத்தமும் நாறிப்பூடும். எறங்குடா! வெளக்கு ஏத்திப் பூசையா பண்ணப்போற?” என்று சுப்பராயலு விரட்டினான்.

இருசப்பன் கூடையோடு இறங்கினான். கூடை மேலே வரவில்லை. கூப்பிட்டதற்கு ‘உம்’ என்றுகூடப் பதில் இல்லை. கொக்கி போட்டு இழுத்துக் கிடத்தியபோது அவன் உடம்பு சூடாகத்தான் இருந்தது. மூச்சு இல்லை.

வில்லியனூரிலிருந்து பிரெஞ்சு சர்க்காரின் மேர் ஆபீஸ் ஆள் விசாரிக்க வந்தார். சுப்பராயலு கூசாமல் எழுதிக் கொடுத்தான்: ‘குழியில் காற்று நன்றாக இருந்தது. விளக்கு இறக்கிப் பார்த்தேன். அவன் சாராயம் குடித்துவிட்டு இறங்கினான்.’ ஊருக்கு ஊர் சாராயக்கடை இருந்த பிரெஞ்சு மண்ணில் இதைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? இருசப்பன் சாராயக்கடைப் பக்கமே போகாதவன். அதைச் சின்னபொண்ணு சொன்னாள். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அதோடும் சுப்பராயலு விடவில்லை. நாற்று நடும் இடத்தில் அவளைப் பார்த்தால், “இன்னாடி, ஒன் புருஷன் வாட குழிய வுட்டுப் போச்சா?” என்று கேட்பான். கூட இருப்பவர்கள் தலையைக் குனிந்து சிரிப்பார்கள். அவள் நாற்றை அழுத்தி ஊன்றுவாள். அரிவாள் கையில் இருந்த நாட்களில் அவளுக்கே அவளைப் பார்த்துப் பயமாக இருந்தது.

மார்கழியில் பக்கத்து வீட்டு அமிர்தம் பிள்ளை பெற்றிருந்தாள். அவளுக்குக் கஞ்சிக்காகச் சின்னபொண்ணு கேழ்வரகை ஊறவைத்து, ஒரு பானையில் முளைகட்டப் போட்டாள். எலிக்குப் பயந்து தட்டால் மூடி, விளிம்பில் களிமண் பூசினாள். இரண்டாம் நாள் மூடியை எடுத்துவிட்டு, முளை விட்டதா என்று பார்க்கச் சிம்னி இல்லாத சின்ன விளக்கை உள்ளே நீட்டினாள். சுடர் சுருங்கி அணைந்தது. மறுபடி ஏற்றி நீட்டினாள். மறுபடியும் அணைந்தது. வேறொரு வெறும் பானைக்குள் விட்டுப் பார்த்தாள். நன்றாக எரிந்தது.

அந்தக் குழியும் இப்படி மூடிய பானைதான் என்று அவளுக்கு உறைத்தது.

அவள் கண்டது சரிதான். விதைக்கும் உயிர் உண்டு. விதையும் நம் உடம்பும் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களால் ஆனவை. ஒவ்வொரு உயிரணுவும் தன்னிடமுள்ள உணவைப் பிராணவாயுவின் துணையோடு நெருப்பில்லாமல் எரித்துத்தான் பிழைப்புக்கான சக்தியை எடுத்துக்கொள்கிறது. கழிவாகக் கரியமில வாயுவை வெளியே விடுகிறது. ஈரம் பட்ட விதை இதை வேகமாகச் செய்யும். அந்த மூடிய குழிக்குள் கோடிக்கணக்கான கேழ்வரகு மணிகள் பிராணவாயுவைத் தின்று தீர்த்திருந்தன. இருசப்பன் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்திருப்பான். அவன் உயிரணுக்களுக்கு வேண்டியது மட்டும் அதில் இல்லை.

இந்தப் பெயர்கள் சின்னபொண்ணுக்குத் தெரியாது. தானியம் மூச்சு விடுகிறது, அந்த மூச்சு விளக்கையும் கொல்லும், ஆளையும் கொல்லும் என்பது தெரிந்துவிட்டது. யாரிடமும் வாய் திறக்காமல் பத்து மாசம் காத்திருந்தாள்.

அடுத்த ஐப்பசியில் சிங்காரவேலு முன்னால் குழியைத் திறந்தார்கள். சுப்பராயலு வேப்பங்கிளை கொண்டுவரச் சொன்னான். சின்னபொண்ணு முன்னால் வந்து நின்றாள்.

“எதுக்குங்க கிளை? காத்து நல்லாருக்குதுன்னு எழுதிக் குடுத்தீங்களே. நீங்க குடிக்காதவருதானே, எறங்குங்க.”

“கழுத, அப்பால போடி!”

அவள் சிங்காரவேலு பக்கம் திரும்பினாள். “ஆண்டே, நல்ல காத்துல எறங்க இவரு ஏன் பயப்படுறாரு? கேளுங்க.”

சிங்காரவேலு அவளைப் பார்த்தார், பிறகு காரியஸ்தனைப் பார்த்தார். “எறங்கித்தான் காட்டேன்யா. ஒரு நிமிஷந்தானே?”

எல்லாக் கண்ணும் அவன்மேல் இருந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு சுப்பராயலு காலை உள்ளே விட்டான். குழி வாயைப் பிடித்தபடி மார்புவரை இறங்கினான். சின்னபொண்ணு விளக்கை ஏற்றி, அவன் முதுகை ஒட்டிக் கயிற்றில் இறக்கினாள். இடுப்புவரை போனதும் சுடர் நீலமாகி அணைந்தது. தலை வெளியேதான் இருந்தது, ஆனாலும் அவன் பயந்து எகிறி மேலே வரப் பார்த்தான். அவள் அவன் விரல்மேல் காலை வைத்தாள்.

“சொல்லு.”

“ஐயோ, தூக்குங்கடா! மூச்சு முட்டுது!”

“எங்க ஆளு குடிச்சிருந்தாரா?”

“இல்ல!”

“காதுல வுழல.”

“குடிக்கல! நாந்தான்… வெளக்கு வைக்காம எறக்கினேன்! அம்மா! அம்மா!”

மூன்று தடவை சொல்ல வைத்தாள். நான்காவது தடவையும் கேட்டிருப்பாள். அதற்குள் சிங்காரவேலு அவளைப் பிடித்து விலக்கிவிட்டார்.

எல்லாரும் கேட்டுவிட்ட பிறகு சுப்பராயலுவால் மறுக்க முடியவில்லை. அன்றே வில்லியனூருக்கு நடந்தார்கள். வழியில் அவன் நழுவிவிடாமல் அவள் பின்னாலேயே போனாள். மேர் ஆபீஸில் அவன் தன் கையாலேயே மாற்றி எழுதினான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. குமாஸ்தாவை உரக்கப் படிக்கச் சொல்லி, ‘குடிக்கவில்லை’ என்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கவைத்தாள்.

வெளியே வந்ததும் சுப்பராயலு, “இப்ப திருப்தியாடி?” என்றான்.

“இல்ல,” என்றாள் சின்னபொண்ணு. “நீ அம்மான்னு கத்தினியே, அதுக்கு ஒனக்குக் காத்து இருந்துச்சு. அவருக்கு அதுகூட இல்ல. நீ சாவுற வரைக்கும் எனக்குத் திருப்தி வராது. போ.”

அவன் போகவில்லை. அவள் முதலில் போகட்டும் என்று நின்றான். முதுகுக்குப் பின்னால் அவள் நடந்துவருவதை அவனால் இன்னொரு தடவை தாங்க முடியவில்லை.