மூன்றாவது வளைவு

எண்பதுகளின் நடுவில் நான் செல்லூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் பேட்டன் வேலை பார்த்தேன். இரும்பில் வார்க்கப்போகும் பொருளை முதலில் மரத்தில் செய்து கொடுப்போம். அந்த மர உருவுக்குத்தான் பேட்டன் என்று பெயர். பெரும்பாலும் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் எனக்குத் தோதாக இருந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பு லாரி மோதியதில் என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

மெட்ராஸில் ஒரு பொய்க்கால் செய்து மாட்டியிருந்தேன். மிச்சமிருந்த கால் உள்ளே உட்காருவதற்கு அதன் மேல்பகுதியில் தோலால் ஒரு கிண்ணம் இருக்கும். நாளாக ஆகக் கால் சூம்பியது. கிண்ணம் அப்படியே இருந்தது. நடக்கும்போதெல்லாம் எலும்பு ஒரே இடத்தில் முட்டி, ஆறாத புண்ணாகிவிட்டது. மறுபடி மெட்ராஸ் போய்ப் பத்து நாள் தங்க என்னால் முடியவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன்.

அப்படி ஒரு நாள், இன்ஜினீயரிங் காலேஜில் மேல்படிப்பு படிக்கும் ஒரு பெண் பட்டறைக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் சின்னவர். கையில் சுருட்டிய வரைபடத் தாள்கள்.

“அண்ணே, இது பம்புக்குள்ள சுத்துற இறக்கை. மரத்துல செஞ்சு தரணும். பத்து வளைவு வரைஞ்சிருக்கேன். அதுல நாலுதான் நான் அளந்தது. மிச்சத்தைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சது.”

“அது எப்படிம்மா கண்டுபிடிக்கும்?”

“டவுன் பஸ் பாலத்துல ஏறுறப்ப சட்டுனு தூக்கிப் போட்டா உள்ள இருக்கவங்க என்னாவாங்க? குலுங்காம ஏறணும்ல. ஒரு வளைவுல இருந்து அடுத்த வளைவுக்கு அப்படிப் போகச் சொல்லிக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். அது நம்பரா அடிச்சுத் தள்ளுச்சு. நான் புள்ளி வச்சுக் கோடு போட்டேன்.”

அந்த வளைவுகளை அட்டையில் வெட்டி, மரத்தில் வைத்து வைத்துப் பார்த்துச் செதுக்கினேன். உப்புத்தாள் போட்டு முடித்தபோது எங்கேயும் ஒரு மடிப்பு இல்லை. இறக்கையை வாங்க வந்த அன்று, நான் எழுந்து நிற்கப் பட்ட பாட்டை அவர் பார்த்துவிட்டார். என்னவென்று கேட்டார். சொன்னேன். தயங்காமல் சொன்னார்:

“உங்க காலுக்கும் இதே கணக்குத்தாண்ணே. சுத்தளவை வளைவா எடுத்துக் கொடுங்க. நான் முழுசாக்கித் தாரேன். நீங்க மரத்துல செய்ங்க. அது மேல தோலை இழுத்துக் கட்டிக் கிண்ணம் பண்ணலாம்.”

வேண்டாம் என்றேன். மனைவியைத் தவிர யாருக்கும் நான் அந்தக் காலைக் காட்டியதில்லை. அவர் வற்புறுத்தவில்லை. வளைத்தால் வளைத்தபடியே நிற்கும் ஒரு சுருள் ஈயக் கம்பியை மட்டும் மேசையில் வைத்துவிட்டு, “வீட்டுலயே அளந்து அனுப்புங்கண்ணே, போதும்” என்று போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி கம்பியைக் காலைச் சுற்றி அழுத்திப் பிடிக்க, நான் அதைக் கழற்றித் தாளில் வைத்து வரைந்தேன். ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒன்றாக ஐந்து வளைவுகள். இரண்டே வாரத்தில் அவரிடமிருந்து பதினேழு வளைவுகளாகத் திரும்பி வந்தன. மரத்தில் என் காலைச் செதுக்கினேன். சிம்மக்கல்லில் தோல்வேலை செய்யும் பாய், ஈரத்தோலை அதன்மேல் இழுத்துக் கட்டிக் காயவைத்துக் கிண்ணமாக்கிக் கொடுத்தார்.

போட்டு நடந்தேன். பழைய இடத்திலேயே வலித்தது.

விஷயம் தெரிந்து அவர் தாள்களோடு வீட்டுக்கே வந்துவிட்டார். தரையில் விரித்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அண்ணே, நீங்க அனுப்புன அஞ்சுல மேல இருந்து மூணாவது வளைவு பக்கத்துல இருக்க ரெண்டோடயும் ஒத்துப்போகல. மொதல்லயே பார்த்தேன். காலு அப்படித்தான் இருக்கும்போலன்னு விட்டுட்டேன். என் தப்புதான், கேட்டிருக்கணும். எப்படி அளந்தீங்க?”

மனைவிதான் போட்டு உடைத்தாள். “அங்கனதான் புண்ணு. தொட விடலை. கம்பியத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, மிச்சத்தை இவுகளாத்தான் வரைஞ்சாக.”

எனக்குத் தலை நிமிரவில்லை. பேட்டனுக்குத் தப்பான அளவு கொண்டுவரும் ஆளை நானே எத்தனை முறை ஏசியிருப்பேன். அவர் கோபப்படவில்லை.

“இந்த வளைவை மட்டும் தள்ளிட்டு, மத்த நாலை வச்சு வழவழன்னு போட்டுத் தந்துரலாம்ண்ணே. பார்க்க அம்புட்டு அழகா இருக்கும். ஆனா அது உங்க காலா இருக்காது. புண்ணு ஆறட்டும். நானே வந்து அளக்குறேன். மதினி கூட இருக்கட்டும்.”

பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மாதம் கக்கத்துக் கட்டையோடு திரிந்தேன். புண் ஆறியதும் அவர் சொன்னபடியே வந்தார். பாயில் என் எதிரே உட்கார்ந்து, கம்பியை மெல்ல வைத்து, “வலிச்சா சொல்லுங்க” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கேட்டு அளந்தார். எலும்பு புடைத்த இடத்தில் மட்டும் அங்குலத்துக்கு ஒன்று போதாது என்று நடுநடுவே இரண்டு வளைவுகள் கூடுதலாக எடுத்தார். யாரும் பார்க்கக் கூடாது என்று மூன்று வருஷம் மூடி வைத்திருந்த கால் அது. அவர் அதை ஒரு வேலையாகவே பார்த்தார். எனக்கு இருந்த கூச்சம் எப்போது போனது என்றே தெரியவில்லை.

அந்த அளவில் செய்த இரண்டாவது கிண்ணத்தை ஆறு வருஷம் போட்டேன். அந்த இடத்தில் மறுபடி புண் வரவில்லை. படிப்பு முடிந்து அவர் வடக்கே வேலைக்குப் போய்விட்டார். காலேஜில் அவருக்குக் கம்ப்யூட்டர் கிடைத்ததே வாரத்துக்குச் சில மணி நேரம்தான் என்பதும், அதில் பாதியை என் காலுக்குக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைத் தள்ளிப் போட்டார் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். ‘மதினி நலமா? கால் நலமா?’ என்று பதில் வந்தது.

அந்த இரண்டாவது கிண்ணத்தைப் போட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் வீட்டிலிருந்து கிளம்பி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டிச் சிம்மக்கல் வரை பஸ் ஏறாமல் நடந்தோம். வைகையில் தண்ணீர் இல்லை. மணலில் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. பாலத்தின் பாதியில் அவள்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“செத்த நில்லுங்க. எனக்கு மூச்சு வாங்குது.”